முள்ளில்லாக் கற்றாழையும் மெல்பேர்ண் மாரியும்

மெல்பேர்ண் நகரின் தென்கிழக்குப் புறநகர்களில் எந்தத் தெருவழியே நடந்தாலும் இரண்டொரு வீட்டு முன்றிலிலேனும் அதனைக் காணலாம். தாழ்ந்த செங்கல் மதில், தபாற்பெட்டி, அதன் அருகே சாம்பல் பூத்த இளம்பச்சை நிறத்தில் பென்னாம்பெரிய தாமரை ஒன்று விரிந்தாற்போல ஒரு செடி. இலை ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் நீளம். நடுப்பகுதியில் உள்ளங்கையிலும் அகலம். எம்மவர்கள் அதனைக் ‘கற்றாழை’ என்று சொல்லிக் கடந்து போகின்றனர். முள் இருக்குமென்ற எண்ணத்தில் கை தானாகவே பின்வாங்கும். ஆனால், ஒருமுறை தொட்டுப் பார்த்தவர்கள் வியப்படைவர். விளிம்பிலே முள்ளில்லை, நுனியிலே ஊசியில்லை. விரலால் அழுத்தினால் வளைந்து கொடுக்கிறது. குழந்தைகள் பந்து விளையாடும் முன்றிலிலும், ஒடுங்கிய நடைபாதையோரத்திலும், நீச்சற் குளக்கரையிலும் அஞ்சாமல் நடக்கூடிய கற்றாழை இது.

யூலை, ஓகஸ்ட் மாதக் குளிரில் சில வீடுகளில் இச்செடியின் நடுவிலிருந்து மனிதக் கைப்பருமனில் ஒரு தண்டு எழுகிறது. இரண்டு, மூன்று மீற்றர் நீளும் அத்தண்டு நிமிர்ந்து நிற்பதில்லை. எழுந்து, வளைந்து, நிலம் நோக்கித் தாழ்ந்து, நுனியில் மீண்டும் சற்றே மேல்நோக்கி நிமிர்கிறது. தண்டு முழுவதும் வெளிறிய பசுமஞ்சட் பூக்கள் நெருங்கி மூடியிருக்கும். அதனாலேயே ஆங்கிலத்தில் இதற்கு நரிவால், சிங்கவால், அன்னக்கழுத்து என்றெல்லாம் பெயர்கள். தமிழில் தனிப்பெயர் இல்லாத இச்செடியை இக்கட்டுரையில் ‘நரிவால் கற்றாழை’ என்றே குறிப்பிடுவேன். தாவரவியலார் இட்ட பெயர் ‘அகாவே அற்றெனுவாற்றா’. ஜேர்மனிய இளவரசரும் தோட்டக்கலை வல்லுநருமான யோசெப் சால்ம்-டிக் 1834ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கினார்.

பூங்கன்று விற்கும் கடைகளில் இச்செடியின் சாடியில் ஒரு சீட்டுச் செருகப்பட்டிருக்கும். ‘வறட்சி தாங்கும்’ என்ற இரண்டு சொற்கள் அதில் தவறாமல் இருக்கும். சொல்லப்பட்டது பொய்யன்று. எனினும் அந்த இரண்டு சொற்களை நம்பி மாண்ட நரிவால் கற்றாழைகள் அநேகம். அவற்றுள் ஒன்று என் கையால் மாண்டது. ஆகையால், அச்சொற்களின் பொருளைச் சற்று ஆராய்வது பயனுடையது எனக் கருதுகிறேன்.

கற்றாழையின் உறவினர் யார்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எங்கள் வீட்டு முற்றங்களில் வளர்ந்த, உரித்து வழுவழுப்பை எடுத்துத் தலைக்கும் புண்ணுக்கும் பூசிய சோற்றுக் கற்றாழை வேறு, இது வேறு. சோற்றுக் கற்றாழையின் தாயகம் அரேபியத் தீபகற்பம் எனக் கருதப்படுகிறது. அகாவேச் சாதியைச் சேர்ந்தவை அனைத்தும் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மெக்சிக்கோவுக்குரியவை. பிற்காலத்தில் கப்பலேறித் தமிழகம் வந்து சேர்ந்து, புகையிரதப் பாதையோரங்களில் வேலியாக நின்ற முள் அகாவேயைத் தமிழர் ‘ஆனைக்கற்றாழை’ என்றனர். உருவ ஒற்றுமை கண்டு இட்ட பெயர், பிழை சொல்வதற்கில்லை.

ஆயினும், உறவு முறை பார்த்தால் வேடிக்கையான ஓர் உண்மை வெளிப்படும். இன்றைய வகைப்பாட்டின்படி அகாவேயும், எங்கள் ஊர்ப் பற்றைகளில் படரும் சாத்தாவாரியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாரெடுக்கப் பயன்பட்ட மருளும் அக்குடும்பமே. சங்கப் புலவர்கள் பாலை நிலத்தைப் பாடுகையில் ‘மரல்’ என்று குறித்தது இம்மருளைத்தான். ஆக, மெக்சிக்கோவின் நரிவாலுக்குச் சோற்றுக் கற்றாழை தூரத்து உறவு. மருளும் சாத்தாவாரியும் நெருங்கிய சொந்தம்.

மலைச்சரிவின் குழந்தை

அகாவே என்றதும் கௌபோய்த் திரைப்படங்களில் வரும் வெந்து வெடித்த பாலைநிலம் எமது மனக்கண்ணில் தோன்றுகிறது. அகாவேக்களிற் பல அத்தகைய நிலத்தில் வாழ்பவையே. ஆனால், நரிவால் கற்றாழை பாலைநிலச் செடியன்று. மத்திய மெக்சிக்கோவின் மேட்டுநிலத்தில், ஜலிஸ்கோ மாநிலம் தொடக்கம் கிழக்கே மெக்சிக்கோ மாநிலம் வரையான மலைகளில், ஏறத்தாழ 1900 தொடக்கம் 2500 மீற்றர் உயரத்தில், பாறைச் சரிவுகளில் சிறுசிறு கூட்டமாக அது வாழ்கிறது. அகாவேக்களை ஆராய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட அமெரிக்கத் தாவரவியலாளர் ஹவார்ட் ஸ்கொட் ஜென்றி 1982இல் வெளியிட்ட பெருநூலில் இச்செடிக்கும் இடமளித்துள்ளார். உலகின் இளஞ்சூட்டு நகரங்களில் எல்லாம் தெருவோரச் செடியாகிவிட்ட இது, தன் சொந்த மலைகளில் அரிதாகவே காணப்படுகிறது.

மலைப்பாறை இடுக்கில் வாழும் செடிக்கு மூன்று வசதிகள் உண்டு. பெய்யும் மழை வேரில் தங்காமல் உடனே வடிந்துவிடும். பாறையின் நிழலும் மரநிழலும் நாளின் ஒரு பகுதியிலேனும் கிடைக்கும். ஆடும் மானும் எளிதில் வந்து வாய் வைக்க முடியாது. முள்ளை வளர்ப்பதற்குச் செடி தன் உழைப்பில் ஒரு பங்கைச் செலவிட வேண்டும். வாய் வைக்க வருபவர் இல்லாத இடத்தில் அச்செலவு வீண். மென்மையான அகாவேக்கள் பலவும் செங்குத்துப் பாறைகளில் வாழ்பவை என்பதை நோக்குகையில் இவ்விளக்கம் ஏற்கத்தக்கதாகவே படுகிறது.

நான்காவதாக ஒன்றுண்டு. அதுவே தோட்டக்காரருக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. மத்திய மெக்சிக்கோவில் யூன் தொடக்கம் ஒக்ரோபர் வரை மழைக்காலம். அதாவது வெப்பமும் மழையும் அங்கு ஒன்றாக வருகின்றன. குளிர்காலம் அங்கு உலர்காலம். செடி குடித்து வளர்வது வெப்பத்தில். உறங்குவது காய்ந்த குளிரில்.

மெல்பேர்ணில் நிலைமை நேர்மாறு. இங்கு ஆண்டு மழை சராசரி 650 மில்லிமீற்றர் அளவில். யாழ்ப்பாணத்து மழை 1200 மில்லிமீற்றருக்கும் மேல் என்பதை அறிந்தால் வாசகர்கள் திகைக்கக்கூடும். பச்சைப்பசேலென்று தோன்றும் இந்நகரம் எங்கள் வரண்ட குடாநாட்டிலும் குறைந்த மழையைப் பெறுகிறது. வேறுபாடு என்னவெனில், யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். இங்கோ மாதத்துக்கு மாதம் பெரிய மாற்றமின்றித் தூறிக்கொண்டேயிருக்கும். அந்தத் தூறல் கோடையில் மறுநாளே ஆவியாகிவிடுகிறது. மாரியிலோ வெயிலின்மையால் நிலம் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கிறது. கடைச்சீட்டை மட்டும் படித்துவிட்டு இச்செடியைத் தரையில் நட்டு மறந்துவிட்டால், கோடையில் அது பட்டினி கிடக்கும். மாரியில் சேற்றில் மூழ்கும். தாயகத்தின் பருவகாலம் தலைகீழாகிவிடும்.

நாவரண்ட நாட்கள்

இச்செடி இந்நகரில் இவ்வளவு பரவியதற்கு வறட்சியும் ஒரு காரணம். 1997 தொடக்கம் 2009 வரை தென்கிழக்கு அவுஸ்திரேலியாவை வாட்டியெடுத்த வறட்சிக்கு ‘ஆயிரத்தாண்டு வறட்சி’ என்று பெயர். மெல்பேர்ணின் நீர்த்தேக்கங்கள் 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாலிலொரு பங்கு மட்டத்துக்கு வந்துவிட்டன. 2007 ஏப்ரலில் வந்த கட்டுப்பாட்டின்படி புற்றரைக்குத் தண்ணீர் விடுவதே தடை செய்யப்பட்டது. பூங்கன்றுகளுக்குக் குறித்த நாட்களில், குறித்த மணிநேரத்தில் மாத்திரம் விடலாம். 2008இன் இறுதியில், ஆளொருவர் நாளொன்றுக்கு 155 லீற்றருக்கு மேற்படாமல் பாவிக்க வேண்டுமென்று அரசு இலக்கு வகுத்தது. குளித்த நீரையும் உடுப்புத் தோய்த்த நீரையும் வாளியில் ஏந்திச் சென்று செடிக்கு ஊற்றியவர்கள் அன்று அநேகர். கிணற்றுத் தண்ணீரை அளந்து செலவழித்த எம்மவர்க்கு அது புதிதன்று.

புற்றரைகள் மண்ணிறமாகி மாண்டன. அந்த இடத்தில் எதை நடுவது என்ற கேள்வி பிறந்தது. இதே கேள்வி பின்னர் கலிபோர்ணியாவிலும் எழுந்தது. அங்கு 2015 ஏப்ரல் 1ஆம் திகதி ஆளுநர் ஜெரி பிறவுண் நகர்ப்புற நீர்ப் பாவனையை 25 வீதத்தால் குறைக்க உத்தரவிட்டார். புற்றரையைப் பிடுங்கியவர்களுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணமும் கொடுக்கப்பட்டது. பிடுங்கிய இடங்கள் பலவற்றில் நரிவாலும் அதன் இனசனமும் குடியேறின.

செடி எவ்வாறு தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது என்பது சுவையான விடயம். மாமரமோ பூவரசோ பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கும். திறந்த வாயினூடே ஈரம் ஆவியாக வெளியேறுவதைத் தடுக்க அவற்றால் இயலாது. அகாவே பகலில் இலைவாயை இறுக மூடிவிடும். வெயில் சாய்ந்து, காற்றுக் குளிர்ந்த பின் இரவிலே திறக்கும். இரவில் உள்ளெடுத்த காபனீரொட்சைட்டை மலிக்கமிலமாக மாற்றிக் கலங்களுக்குள் சேமித்து வைக்கும். விடிந்ததும் வாயை மூடிக்கொண்டு, சேமித்ததைப் பிரித்தெடுத்துச் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும். இதனாலே இழக்கும் நீர் பன்மடங்கு குறைகிறது. தடித்த இலைக்குள் நீர்க்கையிருப்பும் உண்டு.

இதனைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து மாணவர்க்கு விளக்கியவன் நான். இந்நாட்டுக்கு வந்து வாடகை வீடொன்றில் குடியேறிய முதலாண்டில் கடையில் ஒரு நரிவால் கற்றாழையை வாங்கியபோது, இதைப் பற்றி எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற மிதப்பு இருந்தது. புற்றரை நடுவே, களிமண் பள்ளத்தில், வெட்டவெளியில் நட்டேன். கோடை முழுவதும் ஒரு வாளி தண்ணீரும் விடவில்லை. வறட்சி தாங்கும் செடியல்லவா? கீழிலைகள் மஞ்சளித்துச் சுருங்கின. மாரி வந்தது, பள்ளத்தில் நீர் நின்றது. ஓகஸ்ட் மாதத்து உறைபனி இரவொன்றின் பின் எழுந்து பார்த்தேன். இலைகள் அவித்த கீரைபோல் கறுத்துத் தொங்கின. பிடித்து இழுத்தேன், வேரற்றுக் கையோடு வந்தது. உள்ளே அழுகல் நாற்றம்.

இரண்டு வீடு தள்ளி வசிக்கும் முதியவர் ஒருவர் மதிலருகே நின்று இதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதுகளின் பிற்பகுதியில் இங்கு வந்தவர். ஊரிலே புகையிரதப் பகுதியில் கடமையாற்றியவர். தெருவில் உள்ள தமிழர் எல்லோரும் அவரை ‘ஐயா’ என்றே அழைப்பர். அவருடைய முன்றிலில் மூன்று நரிவால்கள் ஆளிடுப்பளவில் நிற்கின்றன.

“தம்பி, நீர் படிச்ச ஆள். ஆனால் செடிக்கு உம்மடை படிப்புத் தெரியாது. மாரியிலை காயவிடும், கோடையிலை குடிக்கக் குடும்” என்றார்.

இரவில் வாய் திறப்பதும், மலிக்கமிலமும் எனக்குத் தெரியும். அந்தச் செடி எந்த மாதத்தில் குடித்துப் பழகியது என்று கேட்க மட்டும் தோன்றவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டி மெக்சிக்கோவின் மழைக்கணக்கைப் பார்த்தபோதுதான், ஐயா நூலெதனையும் பாராமலே சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது புரிந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். “இரண்டைச் சாகக் குடுத்துத்தான்” என்றார்.

நடும் முறை

ஐயாவின் முறையையும், பின்னர் நானே செய்து பார்த்தவற்றையும் இங்கு தருகிறேன்.

மெல்பேர்ணின் பல பகுதிகளில் களிமண். அதில் குழி தோண்டி மணல் நிரப்பி நடுவது பெருந்தவறு. சுற்றியுள்ள களிமண் கிண்ணம்போல் நீரைப் பிடித்துவைக்கும். குழிக்குப் பதிலாக மேடு வேண்டும். தரைமட்டத்துக்கு மேல் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் மண்ணைக் குவித்து அதன் உச்சியில் நட வேண்டும். மண்ணோடு பருமணலும், ஸ்கோரியா என்னும் துளைகள் நிறைந்த செந்நிற எரிமலைக் கல்லின் சிறுதுண்டுகளும் பாதியளவு கலந்தால் நன்று. விக்ரோறியா மாநிலத்தின் மேற்கே பழைய எரிமலை நிலங்கள் உள்ளமையால் இக்கல் இங்கு மலிவாகக் கிடைக்கிறது. கூட்டெரு சிறிதளவு போதும். மாட்டெருவை அள்ளிப் போடுபவர்கள் செடியைக் கொழுக்க வைத்துப் பின் அழுகவிடுகின்றனர்.

காலை வெயில் படும், பின்னேர வெயில் படாத இடம் உகந்தது. 40 பாகைக்கு மேல் வெப்பம் ஏறும் நாட்களில் மேற்குப் பார்த்த சுவரோரம் நிற்கும் செடியின் இலைகளில் வெந்த தழும்புகள் தோன்றும். அவை பின்னர் மாறுவதில்லை. ஒன்றுக்கொன்று ஒரு மீற்றருக்குக் குறையாமல் இடைவெளி விட வேண்டும். சிறு கன்றைப் பார்த்து இவ்வளவு இடம் எதற்கென்று எண்ணுவோர் நாலைந்து ஆண்டுகளில் விடை காண்பர்.

நட்ட முதற் கோடையில் வாரத்துக்கு ஒரு தடவை, வேர்வரை இறங்குமாறு நீர் விட வேண்டும். அடுத்த கோடைகளில் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு தடவை போதும். அவ்வாறு விடாவிட்டால் செடி சாகாது. ஆனால் வளராது, அழகும் இராது. வறட்சியைத் தாங்குதல் வேறு, வறட்சியில் தழைத்தல் வேறு. ஏப்ரல் பிறந்ததும் நீரை நிறுத்திவிட வேண்டும். சாடியில் வளர்ப்போர் மாரியில் அதனைத் தாழ்வாரத்தின் கீழ், மழை படாதவாறு நகர்த்திவிடலாம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் உறவினர்க்கும் இம்முறையே. ஒக்ரோபர் முற்பகுதியிலேயே வீட்டுக்குள் எடுத்து, வெளிச்சமான யன்னலருகே வைத்து, மண் முற்றாகக் காய்ந்த பின் சிறிதளவு நீர் விட்டால் குளிர்காலத்தைக் கடத்திவிடும்.

இனி உறைபனி. பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகை அளவில் நரிவாலின் இலைக்குள் உள்ள நீர் உறைந்து கலங்களைச் சிதைக்கிறது. கடலோரப் பகுதிகளில் இந்தக் கவலை குறைவு. நிலம் தாழ்ந்த உட்புறநகர்களில், மேகமற்ற, காற்றசையாத மாரி இரவுகளில் விழிப்பு வேண்டும். பழைய படுக்கை விரிப்பினால் மாலையில் மூடிக் காலையில் எடுத்துவிட வேண்டும். பிளாஸ்ரிக் உறை ஆகாது. அது இலையைத் தொடும் இடத்திலேயே பனி சுடும். சுட்ட இலைகளை உடனே வெட்டிவிட வேண்டாம். நடுக்குருத்து உறுதியாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும். சேதப்பட்ட இலைகள் எஞ்சிய மாரியில் அதற்கொரு போர்வை.

முள்ளில்லாமைக்கு விலையுமுண்டு. முள் அகாவேயை நாடாத நத்தைகள் இதன் குருத்தைச் சுரண்டித் தின்னும். இலையடியில் வெண்மூட்டுப்பூச்சி பஞ்சுபோல் ஒட்டிக்கொள்ளும், தேய்த்துக் கழுவிவிடலாம். அகாவேக் குடும்பத்தின் கொடிய எதிரி மெக்சிக்கோவில் தோன்றி உலகின் பல பாகங்களுக்கும் பரவிவிட்ட நீள்மூக்குக் கருவண்டு. அடித்தண்டைத் துளைத்து முட்டையிடும். அதனோடு அழுகலும் உட்புகும். வெளியில் தெரியும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். மேலும், மென்மையென்று எண்ணி இலையை வெறுங்கையால் வெட்டலாகாது. அகாவேச் சாற்றில் ஊசிவடிவான கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகள் உண்டு. சிலருக்குத் தோல் தடித்து எரியும். கையுறை அணிக.

வேறு மென்னிலை இனங்கள்

கான்பரா போன்ற கடுங்குளிர் இடங்களில் வாழ்வோர் நரிவாலைத் தரையில் நட்டுத் துன்பப்படாமல் ‘அகாவே பிராக்ரியோசா’வைத் தேடலாம். வடகிழக்கு மெக்சிக்கோவின் சுண்ணாம்புக்கற் பாறைகளில் வாழும் இதன் ஒடுங்கிய இலைகள் கணவாயின் கைகள்போல் வெளிப்புறமாகச் சுருண்டு வளையும். விளிம்பில் தடவினால் மட்டும் தெரியும் நுண்ணிய அரம். நுனியில் ஊசி அறவே இல்லை. நிழலையும் பொறுக்கும்; பூச்சியத்துக்குக் கீழ் பத்துப் பாகை வரை தாங்கும். வளர்ச்சியோ மிக மந்தம். பொறுமையற்றவர்கள் வாங்க வேண்டாம்.

‘அகாவே வில்மோரினியானா’ வடமேற்கு மெக்சிக்கோவின் ஆழ்பள்ளத்தாக்குச் சுவர்களில் தொங்குவது. எட்டுக்காற் கணவாய் என்று ஆங்கிலத்தில் பெயர். இலைவிளிம்பு வழுவழுப்பு, நுனிமுள் வலுவற்றது. அதன் இலையில் நுரைக்கும் பொருள் இருப்பதால் அங்குள்ள மக்கள் இலையை நசித்து, நாரே தும்பாகவும் சாறே சவர்க்காரமாகவும் அமையத் துணி வெளுத்தனர். எங்கள் பூவந்திக்கொட்டை நினைவுக்கு வருகிறது. ‘அகாவே டெஸ்மெற்றியானா’ பூச்சாடிக்கு அழகானது. ஆனால் குளிருக்கு நரிவாலைப் போலவே நொய்தானது.

நரிவாலிலேயே நீலஞ் சாயும் இலையுடையதும், வெள்ளை விளிம்புடையதும் கடைகளுக்கு வருகின்றன. கலிபோர்ணியாவில் பிற அகாவேக்களோடு கலந்து உருவாக்கிய கலப்பினங்களும் உண்டு. இவற்றை வாங்கும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை: கலப்பினங்கள் சிலவற்றில் மற்றைப் பெற்றோரின் நுனிமுள் திரும்பி வந்துவிடுகிறது. தொட்டுப் பார்த்து வாங்குக. அடர்ந்த முள்ளுடைய பேரகாவே, அதாவது ஆனைக்கற்றாழை, நடைபாதையோரத்தில் குழந்தையின் கண்மட்டத்தில் நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கும். போதாததற்கு அது இந்நாட்டில் களையாகவும் பரவிவிட்டது. எந்த அகாவேயாயினும் பிடுங்கிய கன்றுகளைக் காட்டோரம் வீசிவிடுவது தகாது.

பூத்த பின்

ஐயா வீட்டு மூன்று செடிகளுக்கும் தாய் ஒன்றிருந்தது. 2007இல் புற்றரை மாண்ட இடத்தில் அவர் நட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாரியில் அதன் நடுவிலிருந்து தண்டு எழுந்தது. அயலவர் வந்து படம் எடுத்தனர். குளிர்காலத்தில் வேறு பூக்கள் குறைந்திருக்கையில் தேனீக்கள் அத்தண்டைச் சூழ்ந்தன. பூ முடிந்ததும் தாய்ச்செடி வாடத் தொடங்கியது. ஐயாவின் மனைவி, தண்ணீர் விட்டால் பிழைக்குமென்று நாள்தோறும் விட்டுப் பார்த்தாராம். பிழைக்காது. அது நோயன்று. அகாவேக்களிற் பெரும்பாலானவற்றின் ஒவ்வொரு இலைக்கொத்தும் வாழ்நாளில் ஒருமுறையே பூக்கும். சேமித்த சீனி அனைத்தையும் அந்தத் தண்டில் கொட்டிவிட்டு மடியும். எங்களூர்த் தாளிப்பனை அப்படி. குலை தள்ளிய வாழையும் அப்படித்தான். ‘நூறாண்டுக்கு ஒருமுறை பூக்கும்’ என்ற பேச்சு அகாவேக்களைப் பற்றி உண்டு; அது கதை. நரிவால் பத்தாண்டை ஒட்டியோ, சற்றுப் பிந்தியோ பூத்துவிடும்.

வாழைக்குப் போலவே இதற்கும் அடியில் குட்டிகள் உண்டு. கூரிய கத்தியால் தாயிலிருந்து பிரித்து, வெட்டுவாயை நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, மணற்பாங்கான மண்ணில் ஊன்றினால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். காயவிடாமல் நடுவோர்க்குக் கிடைப்பது அழுகல். பூந்தண்டிலும் சில வேளைகளில் சிறுகுமிழ்கள் என்னும் குறுஞ்செடிகள் தோன்றும். அகாவேக்கள் உலகைச் சுற்றியதில் இந்தச் சிறுகுமிழ்களுக்குப் பெரும்பங்குண்டு. நாருக்காக வளர்க்கப்படும் சிசால் அகாவேயை 1893இல் ஜேர்மனியரான றிச்சார்ட் ஹிண்டோவ் ஆபிரிக்காவுக்குக் கொண்டுசென்றார். புளோறிடாவிலிருந்து அனுப்பப்பட்ட ஆயிரம் சிறுகுமிழ்களில் உயிரோடு கரைசேர்ந்தவை 62. தங்கனீக்காவின் பெருந்தோட்டங்கள் அந்த 62இலிருந்தே எழுந்தன.

இங்கு ஓர் ஆபத்தையும் சொல்லித்தானாக வேண்டும். குட்டி என்பது தாயின் பிள்ளையன்று; தாயேதான். மரபில் ஓர் அணுவும் வேறுபாடில்லை. தோட்டங்களில் நிற்கும் நரிவால்களிற் பெருந்தொகை இவ்வாறு பிரித்துப் பெருக்கப்பட்டவை. ஜலிஸ்கோ மாநிலத்திலேயே ரெக்கீலா மதுவுக்காக வளர்க்கப்படும் நீல அகாவேக்கு நேர்ந்தது இதற்கோர் எடுத்துக்காட்டு. சீனி அடிக்கிழங்கில் தங்க வேண்டுமென்பதற்காகப் பூந்தண்டை முளையிலேயே வெட்டிவிட்டு, குட்டிகளால் மட்டுமே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினர். விதையில்லை, கலப்பில்லை. 1990களின் பிற்பகுதியில் நோய் பரவியபோது ஒன்றைத் தாக்கியது அனைத்தையும் தாக்கக்கூடியதாக இருந்தது. பெருந்தொகைச் செடிகள் அழிந்தன. ஆகையால், நரிவால் பூத்தால் தண்டை வெட்டாமல் விடுங்கள். காய் பழுத்து வெடித்தால் கரிய தட்டை விதைகளை எடுத்து மணலில் தூவிப் பாருங்கள். விதையில் வளரும் கன்று ஒவ்வொன்றும் சற்றே வேறாயிருக்கும், மெதுவாகத்தான் வளரும். சொந்த மலையில் அரிதாகிவிட்ட ஒரு செடிக்கு, தூரதேசத்து முன்றிலொன்றில் புதிய கன்று ஒன்று பிறப்பது சிறிய காரியமல்ல.

ஐயாவின் தாய்ச்செடியிலிருந்து பிரித்த குட்டிகள் எங்கள் தெருவிலும் அயலிலுமாகப் பதினொரு தமிழ் வீடுகளுக்குப் போயின. அடுத்த மாரியில் நான்கு செத்தன. மூன்று வீட்டார் பள்ளத்தில் நட்டிருந்தனர். ஒருவர் அன்பு மிகுதியால் மாரி முழுவதும் நீர் ஊற்றினார். எனக்குத் தந்த குட்டியை ஸ்கோரியா கலந்த மண்சாடியில் ஊன்றித் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு கோடைகளில் ஒன்பது இலைகள் விட்டிருக்கிறது. கடந்த சித்திரையோடு நீரை நிறுத்தியாயிற்று. பழைய விரிப்பு இரண்டைத் தோய்த்துக் காயவைத்து வாசற்கதவருகே மடித்து வைத்திருக்கிறேன். யூனுக்கு இன்னும் எட்டு நாட்கள்.